கன்சோல் முன் எத்தனை மணி நேரம்? ஒலிப்பதிவுக் கல்விக்கான கோரிக்கைச் சாசனம்

பெறுவோர்: தமிழ்நாடு அரசின் செய்தி மக்கள் தொடர்பு, கலை பண்பாடு, தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாடு ஆகிய மூன்று துறைகள், தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகம், ஒலிப்பொறியியல் கற்பிக்கும் தனியார் நிறுவனங்கள், ஒலிப்பதிவுக்கூட உரிமையாளர்கள், திரைப்படத் தயாரிப்பாளர்கள், இசை வெளியீட்டு நிறுவனங்கள்.

அளிப்போர்: ஒலிப்பதிவு பயிலும் மாணவர்கள், படிப்பை முடித்துவிட்டு உதவியாளர் வேலைக்கு அலைபவர்கள், அவர்களுக்காகக் கடன் வாங்கிய பெற்றோர், மாவட்டங்களில் மைக் செட் வைத்துப் பிழைப்பவர்கள், இவர்களோடு சேர்ந்து நிற்கும் இசைக்கலைஞர்களும் ஆசிரியர்களும்.

ஒலிப்பொறியியல் கற்பிக்கும் தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களில் தவறாமல் ஒரு பெரிய கன்சோலின் படம் இருக்கும். வரிசை வரிசையாகச் சிறு விளக்குகள், கண்ணாடிக்கு அப்பால் ஒரு டிரம் செட், ஹெட்போன் மாட்டிய ஓர் இளைஞர். என்னென்ன மைக் உண்டு, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு உண்டு என்ற பட்டியலும் கீழே இருக்கும். சேரும் மாணவர் அந்தக் கன்சோலின் முன் தனியாக உட்காரப்போவது ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் என்பதை மட்டும் எழுதமாட்டார்கள். கேட்டால், “எல்லாமே பிராக்டிகல்தான் சார்” என்பார்கள். இருபது பேர் சூழ்ந்து நிற்க, ஆசிரியர் ஒரு ஃபேடரை ஏற்றி இறக்கிக் காட்டுவதற்கும் அங்கே பிராக்டிகல் என்றே பெயர்.

எங்கள் கோரிக்கைகள் பல; அவை எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே வருகின்றன. ஒலிப்பதிவு என்பது உட்கார்ந்து, கேட்டு, தப்பாகச் செய்து, மறுபடி கேட்டுக் கைவரும் வேலை. அதற்கான நேரத்தையும் அறையையும் ஆசானையும் தருவது யார் பொறுப்பு என்றே கேட்கிறோம். கருவியை விற்பதற்கு ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முன்பு இருந்த ஏணி

முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931இல் வெளிவந்தபோது அதைப் படமாக்கப் பம்பாய்க்குப் போக வேண்டியிருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சென்னையிலேயே ஜெமினி, வாகினி, ஏ.வி.எம். என்று ஸ்டுடியோக்கள் எழுந்தன. ஒலிப்பதிவுக்கென்று தனிப் பிரிவுகளும் வந்தன. 1945இல் ஒரு பாலிடெக்னிக்கின் பகுதியாக ஒலிப்பொறியியல் வகுப்பும் தொடங்கியது. இன்று தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தின் வேர் அதுதான்.

ஆனாலும் பெரும்பாலானோர் தொழிலைப் படித்தது ரெக்கார்டிங் தியேட்டரில். வாத்தியக்காரர்கள் அனைவரும் பாடகரோடு சேர்ந்து ஒரே மூச்சில் வாசிக்க, எல்லாமே ஒரே டிராக்கில் பதிவான காலம் அது. ஒரு வயலின் பிசகினால் எல்லோரும் பல்லவியிலிருந்து. உதவியாளர் கேபிள் சுருட்டினார், மைக் ஸ்டாண்டை அரையடி நகர்த்தினார், டேக் எண்ணைக் குறித்தார், எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருந்தார். சில ஆண்டுகள் கழித்து ஒருநாள் ரெக்கார்டிஸ்ட் எழுந்துகொண்டு அவரை உட்காரச் சொன்னார். கட்டணம் கிடையாது, சொற்பமாவது சம்பளம் வந்தது. அந்தக் காலத்தைப் பொன்னுலகமாக்க நாங்கள் தயாரில்லை. யார் பிள்ளை, எந்த ஊர், என்ன சாதி என்று பார்த்தே பல கதவுகள் திறந்தன. பெண்களுக்குத் திறக்கவே இல்லை. இருந்தும், கீழ்ப்படியில் கால் வைத்தவர் மேலே போக ஒரு வழி இருந்தது.

1989இல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தார். பிறகு கணினி மலிந்தது, டேப் போனது, இசையமைப்பாளர்கள் ஒவ்வொருவராகச் சொந்த அறைக்குள் குடியேறினார்கள். இசைக்கு அதனால் நன்மையே விளைந்தது. பதிவுக்கு வாடகையையும் நேரத்தையும் எண்ணிப் பயந்த நிலை மாறியது. பறிபோனது உதவியாளரின் நாற்காலி. இருவர் வேலை செய்யும் அறையில் மூன்றாமவர் சும்மா உட்கார்ந்து கேட்க இடமில்லை. பெரிய தியேட்டர்கள் மூடப்பட, அந்த வெற்றிடத்தில் லட்சங்களில் கட்டணம் வாங்கும் படிப்புகள் வந்து அமர்ந்தன. கற்றுக்கொள்பவருக்குச் சம்பளம் கொடுத்த தொழில், இப்போது அவரிடமே பணம் கேட்கிறது.

பொதுக் கல்வியால் இது ஆகாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் ஒலிக்கலவைக்காக 2009இல் ஆஸ்கர் பெற்ற மூவரில் ஒருவரான ரசூல் பூக்குட்டி, புனேயிலுள்ள அரசுத் திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்தவர். அதே இரவில் ரஹ்மான் வாங்கிய இரண்டு விருதுகளுக்கு நாம் வெடித்த வெடியில் ஒரு சரமாவது இதற்கும் வெடித்திருக்கலாம்.

1. மணிக்கணக்கை எழுதித் தாருங்கள்

ஒலிப்பொறியியல் கற்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும், அரசு நடத்துவதோ தனியார் நடத்துவதோ, சேர்க்கை அறிவிப்பிலேயே மூன்று எண்களை அச்சிட வேண்டும்: ஒரு மாணவர் தனியாகக் கன்சோலில் வேலை செய்யும் நேரம், உண்மையான இசைக்கலைஞரை உட்கார வைத்து அவர் செய்யும் பதிவுகளின் எண்ணிக்கை, ஒரு பயிற்சி வகுப்பில் சேர்ந்து உட்காரும் மாணவர்களின் எண்ணிக்கை. ஓராண்டுப் படிப்புக்குக் குறைந்தது 300 மணி நேரம் என்று நாங்கள் முன்வைக்கிறோம்.

இது பேராசை என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஒரு கன்சோல் நாளுக்கு 16 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் இடைவிடாமல் இயங்கினால் கிடைப்பது 4,800 மணி. ஆளுக்கு 300 மணி என்றால் 16 பேருக்குத்தான் அது போதும். 60 பேரைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு இப்படி நான்கு அறைகள் வேண்டும். ஓர் அறையை வைத்துக்கொண்டு 60 பேரிடம் கட்டணம் வாங்கும் நிறுவனம், 44 பேரிடம் படத்தைக் காட்டிப் பணம் வாங்குகிறது.

ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பதிவேடு வேண்டும். எந்த நாள், எந்த அறை, யாரைப் பதிவுசெய்தார், எந்த மைக்கை எங்கே வைத்தார், கலவையைக் கேட்டு ஆசிரியர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அதில் ஏறி, இருவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். சொன்ன மணி கிடைக்காவிட்டால் கட்டணத்தில் அந்தப் பங்கைத் திருப்பித் தர வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பட்டமாக இல்லாத தனியார் பயிற்சிக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வசூலாகிறது. வரி போடும்போது இதை ஒரு சேவை என்று கண்டுகொள்ளும் அரசு, அந்தச் சேவை வந்து சேர்ந்ததா என்று பார்க்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வது முறையில்லை.

‘நூறு விழுக்காடு வேலைவாய்ப்பு’ என்று அச்சிடுபவர்கள், கடந்த மூன்று ஆண்டுகளில் படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் இத்துறையில் ஊதியம் பெறுகிறார்கள் என்பதையும் அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும். முடியாதென்றால் அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு விலையுயர்ந்த மென்பொருளைப் பழக்கிவிட்டு, அதை வாங்க வழியில்லாமல் மாணவரைத் திருட்டுப் பிரதிக்குத் தள்ளும் வழக்கமும் நிற்க வேண்டும். புரோ டூல்ஸ் தெரிந்திருக்க வேண்டியதுதான். அதோடு ரீப்பர், ஆர்டர் போன்ற மலிவான அல்லது கட்டற்ற மென்பொருளிலும் ஒரு பாடலை முழுமையாக முடிக்கக் கற்றுக்கொடுங்கள். சிக்னல் எங்கிருந்து எங்கே போகிறது என்று பிடிபட்டவருக்கு எந்தத் திரையும் அந்நியமாகாது.

2. அறை

சுவரில் நுரைப்பஞ்சு ஒட்டினால் அது ஸ்டுடியோ ஆகிவிடுகிறது என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். இரண்டு அங்குலப் பஞ்சுக்கு அது வந்துபோனதே தெரியாது. பஞ்சு உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கிவிடும், கீழ் ஒலிகள் மூலைகளில் திரண்டு நிற்கும். அந்த அறையில் கலவை செய்யும் மாணவர், இல்லாத பேஸைக் கேட்டு இருக்கும் பேஸை வெட்டுவார். வெளியே தேநீர்க் கடை ஸ்பீக்கரில் கேட்டால் பாட்டு சோகை பிடித்திருக்கும். குறை தன் காதில்தான் என்று நினைத்துத் தொழிலையே விட்டுப் போனவர்கள் எங்களிடையே உண்டு.

பயிற்சிக்கு அனுமதி கேட்கும் எந்த அறையும் அளந்து பார்க்கப்பட வேண்டும். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஏற்ற இறக்கம், எதிரொலி அடங்க எவ்வளவு நேரம், ஏ.சி. ஓடும்போது எவ்வளவு இரைச்சல் என்ற அளவீட்டுத் தாள் கதவிலேயே ஒட்டப்பட்டிருக்கட்டும். தாளைப் படிப்பதே மாணவருக்கு முதல் பாடமாகும்.

3. தவிலுக்கு ஒரு மணி நேரமாவது

டிரம் செட்டுக்கு எட்டு மைக் வைப்பது எப்படி என்று வாரக்கணக்கில் நடத்துகிறார்கள், நல்லது, தேவைதான். அதே மாணவர் படித்து முடித்துச் சொந்த ஊருக்குப் போனால் முதலில் வரும் அழைப்பு ஒரு கல்யாணமாகவோ கோயில் கச்சேரியாகவோ இருக்கும். எதிரே நாகஸ்வரமும் தவிலும் உட்கார்ந்திருக்கும். அவருடைய பாடப்புத்தகத்தில் அவை இல்லை.

நாகஸ்வரத்தின் நாதம் அணசின் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. திறந்திருக்கும் துளைகள் வழியாகவும் வருகிறது. அணசுக்குள் மைக்கைச் செருகினால் சில சுரங்கள் காதைக் கிழிக்கும், சில காணாமற்போகும். உலவு முழுவதையும் பார்க்கும்படி மைக்கைத் தள்ளி வைத்தால் கருவி முழுசாகக் கேட்கும். ஆனால் பக்கத்திலிருக்கும் தவில் அதற்குள் புகுந்துவிடும். தவிலின் வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் விழும் வேகத்தை மீட்டரின் முள் பிடிப்பதற்குள் உள்ளீடு உடைந்திருக்கும். இந்த இரண்டையும் ஒரே மேடையில் எப்படிப் பிரிப்பது, எவ்வளவு பிரிக்காமல் விடுவது என்பது ஒரு பருவம் முழுக்கப் படிக்க வேண்டிய விஷயம். மல்லாரி முழங்கும்போது தவிலைத் தனியே பிரித்தெடுத்துவிட்டால் மிஞ்சுவது மல்லாரியே அல்ல.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலந்தலை சுருதியோடு சேர்ந்திருக்கும். தொப்பியில் ஒட்டிய ரவை காயக் காய அதன் குரல் கச்சேரிக்குள்ளேயே மாறும். முதல் உருப்படியில் வைத்த அளவு தனி ஆவர்த்தனத்தில் செல்லாது. இரண்டு பக்கமும் மைக் வைத்தால் இரண்டும் இரண்டையும் கேட்கும். ஒன்றின் துருவத்தைத் திருப்பிப் பார்க்கத் தெரியாதவர், தொப்பியின் கும்கி நாதம் எங்கே போனது என்று ஈக்குவலைசரில் தேடிக்கொண்டிருப்பார். மார்கழி சபாக்களில் மேடைக்கும் ஒலிப்பெட்டிக்காரருக்கும் இடையே நடக்கும் சைகைக் கச்சேரியைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்வது புரியும்.

குரலுக்கும் இதே கதைதான். சுருதி திருத்தும் மென்பொருள், தொடக்க நிலையில் பன்னிரண்டு சுரத்தானங்களையே அறியும். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்தால்தான் அது தோடி. மென்பொருள் அந்த அசைவைப் பிழையாகக் கருதி இழுத்துப் பிடித்து நிற்க வைக்கும். விவரம் தெரியாத மாணவரும் திரையில் நேர்கோட்டைப் பார்த்து நிம்மதி அடைவார். ஒலிப்பொறியாளருக்குப் பாடத் தெரிய வேண்டியதில்லை. எதைத் தொடக்கூடாது என்றாவது தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே நாங்கள் கோருவது: நாகஸ்வரம், தவில், மிருதங்கம், வீணை, பறை, உறுமி ஆகியவற்றைப் பதிவுசெய்வதும் மேடையில் ஒலிபெருக்குவதும் ஒவ்வொரு பாடத்திட்டத்திலும் தேர்வுக்குரிய பகுதியாக வேண்டும். அதைக் கற்பிக்க வித்துவான்களையும் பறை, உறுமிக் கலைஞர்களையும் ஊதியத்தோடு அமர்த்துங்கள். பட்டம் எங்கே என்று அவர்களிடம் கேட்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. நாட்டுப்புறக் கலைஞர்களை ஒருநாள் கூலிக்கு அழைத்து வந்து, ஒவ்வொரு அடியையும் தனித்தனியே பதிந்து, ஒலி நூலகமாக ஆண்டுக்கணக்கில் விற்கும் வியாபாரம் வளர்கிறது. வகுப்பறைப் பதிவுகள் அந்த வழியில் போகக்கூடாது. எதற்காகப் பதிகிறோம், எங்கே பயன்படும், விற்றால் பங்கு என்ன என்பதைத் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே வர வேண்டும்.

4. அரசின் கையில் இருப்பவை

தரமணி நிறுவனம் இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஒலிப்பதிவில் பட்டம் தருகிறது. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய நான்கு ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரு பக்கம் பதிவுசெய்யப் பழக வேண்டிய மாணவர்கள், மறுபக்கம் தம் குரலைத் தாமே கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டிய மாணவர்கள். இருவரையும் ஒரே அறையில் உட்கார வைக்க யாருக்கும் தோன்றாதது ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை.

நான்கு இசைக் கல்லூரிகளிலும் தலா ஒரு நல்ல பதிவறை வேண்டும். ஆடம்பரமாக வேண்டாம்: அமைதியான அறை, எட்டு உள்ளீடு, ஆறேழு நல்ல மைக், நம்பத்தக்க இரண்டு மானிட்டர், இவற்றைப் பராமரிக்க நிரந்தரப் பணியிடம் ஒன்று. கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் செய்ய வேண்டும். பராமரிக்க ஆளில்லாத கருவிக்கு அரசு அலுவலகங்களில் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தரமணியின் பதிவறைகள் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படாமல், இரவு பத்து வரையும் விடுமுறை நாட்களிலும் மாணவர் பொறுப்பில் திறந்திருக்கட்டும்.

இப்பல்கலைக்கழகத்துக்கு வேந்தர் முதலமைச்சரே. எனவே கோப்பு வேறெங்கோ நிலுவையில் இருக்கிறது என்ற பதிலை இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் ஏற்க இயலாது.

5. தமிழில் தேர்வு

பட்டம், பட்டயம், சான்றிதழ் எல்லாவற்றிலும் தமிழில் தேர்வெழுத உரிமை வேண்டும். ஒலியியலுக்கும் பதிவுத் தொழில்நுட்பத்துக்கும் ஒரு தரமான பாடநூலைத் தமிழ்நாடு பாடநூல் கழகம் வெளியிடட்டும். அதில் ‘ஃபேடர்’ ஃபேடராகவே இருக்கலாம். கலைச்சொல் அகராதியாக அதை மாற்றிவிட வேண்டாம். டெசிபல் கணக்கு புரியும்படி இருந்தால் போதும்.

6. சும்மா உழைக்க முடியாது

படிப்பு முடிந்ததும் தொடங்குவது ‘இன்டர்ன்ஷிப்’. ஆறு மாதம் என்பார்கள், ஓராண்டைத் தாண்டும். ஊதியம் இல்லை; சில இடங்களில் இரவு உணவு மட்டும் உண்டு. சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் நாலு பேர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து பணம் வந்தால்தான் இந்த ஓராண்டைத் தாங்க முடியும். வராதவர் போய்விடுகிறார். ஆக, யார் ஒலிப்பொறியாளர் ஆவது என்பதை அவரவர் காது முடிவு செய்வதில்லை, அப்பாவின் வருமானம் முடிவு செய்கிறது.

1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், பழகுநருக்கு உதவித்தொகை தரச் சொல்கிறது. ஆனால் பழகுநரைச் சேர்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் 30 பேருக்குக் குறையாத நிறுவனங்களுக்குத்தான். மூன்று பேர் வேலை செய்யும் ஸ்டுடியோவை அந்த வலை பிடிக்காது. எங்கள் யோசனை இது: வடபழனி, கோடம்பாக்கம், சாலிகிராமம் வட்டாரத்துச் சிறு ஒலிப்பதிவுக்கூடங்களை ஒரு தொகுப்பாகப் பதிவுசெய்து, பழகுநர்களை அத்தொகுப்பு எடுத்துக்கொள்ளட்டும். நான்கு மாதம் பாடல் பதிவு, நான்கு மாதம் டப்பிங்கும் ஃபோலியும், நான்கு மாதம் இறுதிக் கலவை என்று அவர்கள் சுற்றி வரட்டும். உதவித்தொகையில் பாதியைத் திறன் மேம்பாட்டுக் கழகமும் மீதியைத் தொகுப்பும் ஏற்கட்டும். உரிமையாளருக்கும் சுமையில்லை, ஓரிடத்திலேயே ஆண்டு முழுக்கக் கேபிள் சுருட்டும் நிலையும் மாறும்.

எழுத்து ஒப்பந்தமும் வேண்டும். திரைப்படத் தொழிலாளரை எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் அமர்த்தக்கூடாது என்று 1981இலேயே சட்டம் வந்தது. 2020இல் வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஒலி-ஒளித் தயாரிப்பில் தொழில்நுட்ப வேலை செய்பவர்களையும் தன் வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் வரும் “நாளைக்கு வந்துடு” என்ற செய்தியைத்தான் நாங்கள் ஒப்பந்தமாக வைத்துக்கொண்டு நிற்கிறோம். தொழிலாளர் நலத் துறை ஒரு பக்க மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் வெளியிடட்டும்: வேலை நேரம், தொகை, இரவு தாண்டினால் கூடுதல், திரையில் பெயர், பணம் தரும் தேதி.

7. இரவு வேலையும் பெண்களும்

பதிவு வேலை இரவில்தான் சூடுபிடிக்கும். கதவு அடைத்த, ஒலி வெளியேறாத அறை. பெண்கள் இத்தொழிலில் குறைவாக இருப்பதற்கு ஆர்வமின்மையைக் காரணம் காட்டுபவர்கள் இந்த அறையை மறந்துவிடுகிறார்கள். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பத்து பேருக்குக் குறையாத பணியிடங்களில் புகார்க் குழு கேட்கிறது. அதற்கும் சிறிய இடங்களுக்கு மாவட்ட உள்ளூர்க் குழு உண்டு. நம் ஸ்டுடியோக்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. உள்ளூர்க் குழுவின் தொலைபேசி எண் ஒவ்வொரு பதிவறையிலும் ஒட்டப்பட வேண்டும். பத்து மணிக்கு மேல் வேலை நீண்டால் வீடு சேர்க்கும் செலவு தயாரிப்பாளருடையது. கதவில் கண்ணாடிச் சாளரம் கட்டாயம். அரசு நிறுவனங்களின் ஒலிப்பதிவு இடங்களில் மூன்றில் ஒன்றைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும்.

8. காது

85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது தொழில்சார் நலவாழ்வு வல்லுநர்கள் வகுத்திருக்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது: 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 100இல் 15 நிமிடம். திரைப்பட இறுதிக் கலவைக்கு அறையைச் சீர்செய்யும் அளவும் 85 டெசிபலே. அதாவது, ஒழுங்காக வேலை செய்தாலே எல்லைக்கு அருகில்தான் இருக்கிறோம். இயக்குநர் பின்னாலிருந்து “கொஞ்சம் ஏத்துங்க” என்று சொல்லச் சொல்ல அதைக் கடந்துவிடுகிறோம்.

மாணவர் சேரும்போது ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, நிறுவனத்தின் செலவில் செவித்திறன் சோதனை செய்ய வேண்டும். முடிவு மாணவரிடம் மட்டும் இருக்கட்டும். அதைக் காட்டி வேலை மறுக்கும் ஆயுதமாக அது மாறக்கூடாது. ஒவ்வொரு பயிற்சி அறையிலும் ஒலியளவு மானி ஒன்று இருக்கட்டும். ஒப்பந்தங்களில் இடைவேளை எழுதப்பட வேண்டும்.

9. மைக் செட்காரர்களும் எங்கள் ஆட்கள்

இந்தச் சாசனத்தைச் சினிமாக்காரர்களின் கோரிக்கையாக மட்டும் படித்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் அன்றாடம் அதிகமான பேர் கேட்கும் ஒலியைக் கையாள்பவர் மைக் செட்காரர். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், கூத்து, பட்டிமன்றம், இரங்கல் கூட்டம் என எல்லாவற்றுக்கும் அவர் வருகிறார். ஒரு பழைய மிக்சரை வைத்துக்கொண்டு, விசில் வரும் அதிர்வெண்ணைக் காதாலேயே பிடித்து அடக்குபவர்கள் ஊர்தோறும் உண்டு. கல்லூரியில் அதைக் கற்பிக்கக் கட்டணம் வாங்குகிறார்கள். இவர்களுக்கோ ஒரு சான்றிதழ்கூட இல்லை. வங்கியில் கடன் கேட்டால் தொழில் என்ன என்று எழுதத் திணறுகிறார்கள்.

முன்பே கற்ற திறனைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு ஒன்றிய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்திலேயே இருக்கிறது. அதன்கீழ் மைக் செட் தொழிலாளருக்கான தேர்வை மாவட்டந்தோறும் நடத்துங்கள். அரசு ஐ.டி.ஐ.க்களில் மேடை ஒலிக்கு ஓராண்டுப் பிரிவு தொடங்குங்கள். மதுரை, தஞ்சாவூர், திருநெல்வேலி மூன்றிலும் முதலில் வரட்டும். நாள் கூலியை விட்டு வர முடியாதவர்களுக்கு ஆடி முடிந்து, திருவிழா இல்லாத நாட்களில் இரண்டு வார முகாம் போதும்.

அந்த முகாமில் முதல் பாடம் மின்சாரம். ஈரத் தரையில், ஜெனரேட்டரிலிருந்து இழுத்த ஒட்டுப்போட்ட வயரில், எர்த் இல்லாமல் வேலை செய்யும்போது உயிர் போகிறது. பாடகர் மைக்கைத் தொட்டவுடன் உதடு சுண்டுகிறது என்றால் அது எச்சரிக்கை. மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி இல்லாத எந்த மேடைக்கும் ஒலிபெருக்கி அனுமதி தரக்கூடாது என்று காவல்துறைக்கு அறிவுறுத்தல் போக வேண்டும். அக்கருவியை வாங்க மைக் செட்காரர்களுக்கு மானியம் வேண்டும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55, இரவுக்கு 45 டெசிபல் என்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளி ஒலிபெருக்கிக்குத் தடை. மீறினால் பிடித்துக்கொண்டு போவது செட்டைத்தான். சத்தத்தைக் கூட்டச் சொன்ன விழாக் குழுத் தலைவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார். அளப்பது எப்படி என்று எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள், விதியை மதிக்கிறோம். பொறுப்பை அழைத்தவர் மீதும் சமமாக வையுங்கள்.

10. பெயர்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் ஆசிரியர் தயாரிப்பாளர். உரிமை 60 ஆண்டுகள். பதிவுசெய்தவருக்கும் கலவை செய்தவருக்கும் அதில் பங்கில்லை. அந்தச் சட்டத்தை மாற்றும் போராட்டத்தை இச்சாசனத்தில் நாங்கள் தொடங்கவில்லை. ஆனால் ராயல்டி இல்லாத தொழிலில் அடுத்த வேலையைத் தேடித் தருவது பெயர் ஒன்றுதான்.

ரஹ்மானின் கேசட் உறைகளில் வாசித்தவர்கள், பதிவுசெய்தவர்கள் பெயரெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். ‘மகாநதி’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ முதலிய படங்களுக்குத் தேசிய விருது பெற்று 2008இல் மறைந்த ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதரின் பெயரை எங்களில் பலர் முதலில் படித்தது அந்த உறையில்தான். இப்படி ஒரு வேலை உண்டு என்பதே அப்போதுதான் தெரியவந்தது. இன்று செயலியில் பாட்டைத் திறந்தால் பாடியவர், இசையமைத்தவர், நிறுவனத்தின் பெயரோடு முடிந்துவிடுகிறது. பதிவு, கலவை, மாஸ்டரிங் செய்தவர்களின் பெயரையும் உதவியாளர் பெயரையும் பாடலின் தரவோடு சேர்த்து அனுப்புவதை வெளியீட்டு நிறுவனங்கள் ஒப்பந்தக் கடமையாக ஏற்க வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

11. இயந்திரத்துக்குத் தீனி

‘லால் சலாம்’ படப் பாடல் ஒன்றுக்காக மறைந்த பாடகர்கள் இருவரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டபோது, குடும்பத்தினரின் அனுமதி பெற்று, தொகையும் தரப்பட்டதாக ரஹ்மான் அறிவித்தார். அந்த அளவு நாகரிகம் வகுப்பறைக்கும் பொருந்தட்டும். மாணவர் செய்த பதிவுகளையும் அதில் பாடிய, வாசித்தவர்களின் ஒலியையும் எழுத்துமூல இசைவின்றி எந்த இயந்திரப் பயிற்சிக்கும் நிறுவனங்கள் தரக்கூடாது. இரைச்சல் நீக்குவது, டிராக் பிரிப்பது, வாய்ச்சத்தம் வெட்டுவது போன்ற தொடக்க வேலைகள் இனி இயந்திரத்துக்குப் போகும் என்பது தெரிந்ததே. அந்த வேலைகளில்தான் புதியவர்கள் காது பழகினார்கள். ஆகவே முதல் கோரிக்கையில் சொன்ன 300 மணி, முன்பைவிட இப்போது அவசரமானது.

நடைமுறை

இச்சாசனத்தின் 1, 2, 8ஆம் கோரிக்கைகளுக்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. நிறுவனங்கள் நினைத்தால் வரும் சேர்க்கை அறிவிப்பிலேயே நடைமுறைக்கு வரும். 4, 6, 9 ஆகியவற்றுக்கு நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பு வேண்டும். மூன்று துறைகளும் பல்கலைக்கழகமும் மாணவர், மைக் செட் தொழிலாளர் பிரதிநிதிகளும் அடங்கிய குழுவை அரசு அமைக்கட்டும். குழுவில் குறைந்தது மூன்றிலொருவர் பெண்களாகவும், பாதிப் பேர் சென்னைக்கு வெளியே இருப்பவர்களாகவும் இருக்கட்டும்.

தனியார் நிறுவனங்களுக்கு இத்துடன் ஒரு பக்கப் படிவம் இணைத்திருக்கிறோம். அதில் மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன: தனியாகக் கன்சோலில் எத்தனை மணி, உண்மையான கலைஞரோடு எத்தனை பதிவு, ஒரு வகுப்பில் எத்தனை பேர். அடுத்த சேர்க்கை தொடங்கும் முன் நிரப்பிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். வந்த படிவங்களை வந்தபடியே பெற்றோருக்கு நகலெடுத்துக் கொடுப்போம். வராதவற்றின் இடத்தில் நிறுவனத்தின் பெயரை மட்டும் எழுதி, மூன்று கட்டங்களையும் காலியாக விட்டுக் கொடுப்போம்.